கைட்டுக்கு முன் கரை: மட்டக்களப்பு, அம்பாறைக் கடலோரத்தில் ஸ்கிம்போர்டு தொடங்குபவர்களுக்கு

கல்லடிக் கடற்கரையில் பலகையோடு நிற்கும்போது யாராவது ஒரு தம்பி பக்கத்தில் வந்து, "அண்ணன், இஞ்ச கைட் பழகலாமா?" என்று கேட்பது வழக்கம். கைபேசியில் மேற்குக் கரைக் கல்பிட்டியின் கைட் வீடியோ பார்த்துவிட்டு வந்திருப்பார். நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: கைட் பிறகு. முதலில் ஒரு ஸ்கிம்போர்டை எடுத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்க இந்தக் கரையில் ஓடுங்கள்.

கைட்போர்டிங்கில் காற்றடைத்த பெரிய பட்டம் ஒன்று 20 முதல் 24 மீற்றர் நீளக் கயிறுகளில் உங்கள் இடுப்புப் பட்டியோடு இணைந்திருக்கும். காலில் ஒரு பலகை. காற்று உங்களைக் கடலுக்கு மேல் இழுத்துக்கொண்டு போகும். ஸ்கிம்போர்டில் கயிறும் இல்லை, காற்றும் தேவையில்லை. அலை ஏறி இறங்கிய ஈர மணலில் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அதில் பலகையை வழுக்கவிட்டு, ஓடிப்போய் ஏறி நின்று சறுக்க வேண்டும். கலிபோர்னியாவின் லகுனா கடற்கரையில் 1920களில் உயிர்காப்பாளர்கள் மரப்பலகையில் தொடங்கிவைத்த விளையாட்டு இது. நமக்கும் அந்த மரப்பலகை போதும்.

ஏன் கைட் பிறகு என்பதற்குக் காரணம் நம்முடைய காற்று. மே முதல் செப்டம்பர் வரை இங்கே அடிப்பது கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி நம் பக்கம் இறங்குகிறது. அது தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று. அந்தக் காற்றில் கைட்டோடு இறங்கிய புதியவர் ஒருமுறை விழுந்து கைட்டை எழுப்ப முடியாமல் போனால், காற்று அவரைக் கொண்டுபோகும் திசை வங்காள விரிகுடா. மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று வந்து கச்சானைத் தள்ளுவது உண்டு. ஆனால் எந்த நாளில் எது வெல்லும் என்று நம்பி இறங்க முடியாது. வாடைக் காலத்தில் காற்று கடலிலிருந்து வரும், சரி. ஆனால் அப்போது கடல் கொந்தளித்து, கடற்றொழில் செய்பவர்களே படகைக் கரையேற்றி வைத்திருப்பார்கள்.

எப்போது போவது

ஏப்ரலில் இருந்து செப்டம்பர் முடியும் வரை நமக்கு நல்ல காலம். நீர் ஏறக்குறைய 28 பாகை செல்சியஸில் வெதுவெதுப்பாக இருக்கும். குளிருக்கென்று உடை எதுவும் வேண்டாம். நாளில் இரண்டு வேளைதான் சொல்வேன்: காலையில் விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை, பின்னேரம் நான்கரைக்குப் பிறகு. கச்சான் காலத்து நடுப்பகலில் மணல் உள்ளங்காலைச் சுட்டுவிடும். இரண்டில் காலை வேளை இன்னும் நல்லது. தரைக்காற்று அலையைத் தட்டையாக்கி வைத்திருக்கும், ஆட்களும் குறைவு.

நம் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் பெரிதில்லை, கூடினால் இரண்டடி. ஆனாலும் கரை தட்டையாக இருக்கும் இடத்தில் அந்த இரண்டடியே நல்ல அகலமான ஈர மணலைத் திறந்துவிடும். பூரணையையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் வற்று அதிகம் இருக்கும். பூரணை போயா விடுமுறையாதலால் கரை முழுக்கக் குடும்பங்கள் வந்துவிடும். அதனால் நான் அமாவாசையை ஒட்டிய நாட்களையே தேர்ந்துகொள்கிறேன்.

இதோடு சேர்த்து ஒன்று. வற்று மெல்ல மெல்ல, மணிக்கணக்கில் நடப்பது. சில நிமிடங்களுக்குள் கடல் உள்வாங்கி, பார்த்திராத மணல் வெளியே தெரிந்தால், அல்லது நிலம் பலமாக அதிர்ந்தால், பலகையைப் போட்டுவிட்டு உள்நாட்டுப் பக்கம், உயரமான இடத்துக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதியை நாவலடியிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் யாரும் மறக்கவில்லை. உங்கள் அம்மா கடலுக்குப் போகாதே என்று மறித்தால், அதற்குப் பின்னால் அந்தக் காலை இருக்கிறது. அவரோடு வாதாடாதீர்கள். எந்தக் கரைக்குப் போகிறீர்கள், யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஒருநாள் அவரையும் கூட்டிக்கொண்டுபோய்க் கரையில் உட்கார வையுங்கள். என் அம்மா மூன்றாவது முறை வந்தபோதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு நுரையில் கால் நனைத்தார்.

எந்தக் கரை

தொடங்குவதற்குப் பாசிக்குடாவைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியவில்லை. மட்டக்களப்பிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றர். வாழைச்சேனையில் திரும்ப வேண்டும். நீர் வெகுதூரத்துக்கு முழங்கால், இடுப்பு அளவுதான். அலை சிறியது, மணல் தட்டை. குளிக்கும் கூட்டத்திலிருந்து ஒதுங்கிக் கரையோரமாக நடந்து, ஆளில்லாத துண்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கல்லடியும் அங்கிருந்து தெற்கே நீளும் கரையும் வேறு மாதிரி. திறந்த கடல், பல இடங்களில் கரை சரிவு, அலை காலடியிலேயே வந்து உடையும். சறுக்கிப் பழகியவருக்கு அந்த அலை பிடிக்கும். புதியவர் கல்லடியில் பழகுவதானால் காலை வற்றில், கடல் அமைதியான நாளில் மட்டும். கரையில் உடையும் அலைக்குள் தலையை முன்னால் கொடுத்துப் பாயவே கூடாது. அடியில் ஆழமில்லை, கழுத்து முறிவது அப்படித்தான்.

அம்பாறைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பொத்துவில் அறுகம்குடா இருக்கிறது. அந்த ஊரின் பெயர் அலைச்சறுக்கலுக்கென்று உலகம் முழுக்கத் தெரியும். ஆனால் பெரிய அலை உடையும் முனைப் பக்கம் உங்களுக்கானதல்ல. குடாவின் உட்புறத்தில், மீன்பிடிப் படகுகள் நிற்கும் இடத்தைத் தாண்டிய தட்டைக் கரைதான் உங்கள் இடம். அங்கே இன்னொரு வசதி: பலகை, மெழுகு எல்லாம் விற்கும், வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன.

வாவியும் கடலும் சந்திக்கும் முகத்துவாரங்களைப் பற்றி எச்சரிக்கை. கோடையில் மணல் மூடிக் கிடக்கும்போது அங்கே தேங்கும் நீர் கண்ணாடி போல இருக்கும், ஆசை வரும். ஆனால் வாய் திறந்திருக்கும்போது, குறிப்பாக மாரியில் வெள்ளத்தை வெளியேற்ற வெட்டிவிட்ட நாட்களில், அந்த இழுப்பில் நீந்தத் தெரிந்தவரும் நிற்க முடியாது. வாவிப் பக்கத்தில் முதலையும் உண்டு. ஊர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் முகத்துவாரத்தில் பலகையைப் போடாதீர்கள்.

பலகை

வாங்கலாம், ஆனால் முதல் பலகையைச் செய்யுங்கள் என்றே சொல்வேன். மரக்காலையிலோ ஹாட்வெயார் கடையிலோ நீருக்குத் தாங்கும் மரைன் பிளைவுட், 6 மில்லிமீற்றர் தடிப்பில், 8 அடிக்கு 4 அடித் தாள் ஒன்று வாங்குங்கள். அதை 4 அடி நீளம், 20 அங்குல அகலத்தில் அறுத்தால் நான்கு துண்டு. இரண்டிரண்டாக ஒட்டினால் இரண்டு பலகை. ஒரு நண்பரோடு பங்கு போடலாம், செலவு பாதியாகும். நிமிர்த்தி வைத்தால் பலகை உங்கள் நெஞ்சின் கீழ்ப்பகுதி வரை வர வேண்டும். உயரம் குறைந்தவர்களும் பிள்ளைகளும் அதற்கேற்ப வெட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு துண்டை ஒட்டுவதற்குக் காரணம் மூக்கு. தட்டையான ஒற்றைப் பலகையின் முன்முனை மணலில் குத்தும், நீங்கள் அதைத் தாண்டி முகங்குப்புற விழுவீர்கள். அதனால் நீர்புகாத பசையைப் பூசி இரண்டையும் சேர்த்து, முன்முனைக்குக் கீழே இரண்டு அங்குல உயரத்துக்கு மரத்துண்டு ஒன்றை வைத்து, மற்றப் பகுதி முழுக்க சீமெந்துக் கல்லை ஏற்றி ஒரு நாள் அப்படியே விடுங்கள். முன்பக்க ஓரடி மெல்ல மேலே வளைந்து காய்ந்துவிடும். அப்புறம் முன்பக்கம் உருண்டையாகவும் பின்பக்கம் கொஞ்சம் ஒடுங்கியும் வரும்படி வெட்டி, ஓரங்களை மண்தாளால் தேய்த்து உருட்ட வேண்டும். இந்த வேலைக்கு என்னிடம் கருவி இல்லை. எங்கள் தெரு ஓடாவியாரிடம் கொண்டுபோனேன். அவர் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது யாருட காலுலயாவது பட்டா வெட்டிப்போடும்" என்று சொல்லி, அரை மணித்தியாலம் ஓரத்தையே தேய்த்தார். அவர் சொன்னது சரி. கையால் தடவினால் எங்கேயும் கூர் தட்டக்கூடாது.

பூச்சுக்கு மரைன் வார்னிஷ் மூன்று தடவை. இன்னும் உறுதி வேண்டுமென்றால் பைபர் படகு திருத்துபவர்களிடம் கேளுங்கள், அவர்கள் பயன்படுத்தும் ரெசின் பலகைக்கும் பொருந்தும். மேற்பரப்பைவிட ஓரத்துக்கும் மூக்குக்கும் கூடுதலாகப் பூசுங்கள். பிளைவுட் தண்ணீர் குடிப்பது வெட்டிய ஓரத்தின் வழியாகத்தான். அடிப்பக்கம் வழவழப்பாக இருக்கட்டும். மேல்பக்கத்துக்கு அறுகம்குடாக் கடைகளில் கிடைக்கும் சர்ஃப் மெழுகு, அதிலும் வெப்பக் கடலுக்கென்று விற்கும் வகை. மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் கால் வழுக்கும்.

மணலைப் பார்ப்பது

பலகையை இறக்குமுன் ஓடப்போகும் பாதை முழுவதையும் ஒருமுறை நடந்து பாருங்கள். தூண்டில் முள், உடைந்த போத்தல், வலைத்துண்டு, கல். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டுப் பல வருடமானால் அதையும் போட்டுவிட்டு வாருங்கள்.

பிறகு குதிக்காலால் மணலை அழுத்துங்கள். கால் வைத்த இடத்தைச் சுற்றி ஒரு கணம் மணல் வெளிறி, உலர்ந்தது போலத் தோன்றி, காலை எடுத்ததும் மறுபடி நனைந்தால் அது இறுகிய மணல், அதில் பலகை ஓடும். குதிகால் புதைந்து குழி விழுந்தால் பலகை அங்கேயே ஒட்டிக்கொள்ளும். இன்னும் ஐம்பது மீற்றர் நடந்து வேறிடம் தேடுங்கள்.

அடுத்தது நீர். அலை கரையேறி வந்து ஒரு நொடி நின்று, திரும்பத் தொடங்கும். அந்தத் திரும்புதலின் முதல் பாதியில் மணல் மேல் ஒரு விரல் தடிப்பில் நீர் இருக்கும், வானம் அதில் தெரியும். உங்களுக்கு வேண்டியது அந்தக் கண்ணாடிதான். நீர் கணுக்காலளவு இருந்தால் பலகை அமுங்கும். முழுக்க வடிந்துவிட்டால் மணல் பிடித்து நிறுத்தும். முதல் நாள் பலகையை ஓரமாக வைத்துவிட்டுப் பத்து நிமிடம் இதை மட்டும் பாருங்கள். எத்தனையாவது அலை தூரம் ஏறுகிறது, எத்தனை நொடி நீர் நிற்கிறது என்று எண்ணிப் பழகினால் மற்றது எளிது.

முதல் ஓட்டம்

எந்தக் கால் முன்னே என்று தெரியாவிட்டால் வீட்டுச் சீமெந்துத் தரையில் காலுறையோடு ஓடிச் சறுக்கிப் பாருங்கள். தானாக முன்னே போகும் கால்தான் உங்கள் முன்கால். கீழே இடது கால் முன்னே நிற்பவருக்குச் சொல்கிறேன், மற்றவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

வலது கையால் பலகையின் வால் முனையையும், இடது கையால் பக்க ஓரத்தின் நடுவையும் பிடியுங்கள். கடலை நோக்கி அல்ல, கரையோரமாகவே, அலையின் விளிம்புக்கு இணையாக ஓடுங்கள். நீர்ப்படலம் சரியாக வந்ததும் குனிந்து, பலகையை நீரோடு நீராகத் தட்டையாக விடுங்கள். வாவியில் ஓட்டுச் சில்லு எறிந்து விளையாடிய கைக்கு இது தெரியும்: மேலே தூக்கிப் போட்டால் சில்லு மூழ்கும், படுக்கையாக விட்டால் தத்திப் போகும்.

பலகை உங்களுக்கு ஓரடி முன்னால் உங்கள் வேகத்திலேயே போகும். இப்போது குதிக்காதீர்கள். புதியவர் எல்லோரும் இங்கேதான் தவறுகிறார்கள். இரண்டு காலையும் தூக்கி மேலிருந்து பாய்கிறார்கள், பலகை நழுவி முன்னே போகிறது, முதுகு மணலில் விழுகிறது. ஓட்டத்தை நிறுத்தாமல் அடுத்த எட்டைப் பலகை மேல் வையுங்கள். இடது கால் நடுவுக்குச் சற்று முன்னால், உடனே வலது கால் பின்னால், இரண்டுக்கும் இடையே தோள் அகலம். முழங்கால் மடங்கியிருக்கட்டும், பார்வை போகும் திசையில் இருக்கட்டும். காலைக் குனிந்து பார்த்தால் உடம்பும் அந்தப் பக்கமே சாயும்.

முதல் நாளில் இரண்டு மூன்று மீற்றர் சறுக்கினால் போதும். வேகம் இருக்கும்வரைதான் நீர் பலகையைத் தாங்கும், வேகம் குறைந்ததும் பலகை மணலில் அமரும். அதனால் தூரம் போகாததற்குக் காரணம் பெரும்பாலும் பலகையல்ல, ஏறுமுன் நீங்கள் ஓட்டத்தைத் தளர்த்தியதுதான். எனக்கு இது புரியவே மூன்று வாரம் பிடித்தது. ஒரு காலையில், யாரும் பார்க்காத நேரத்தில், கால் வைத்ததும் தடதடவென்ற சத்தம் நின்று, பலகைக்குக் கீழே நீர் சீறும் மெல்லிய ஒலி மட்டும் கேட்டது. பத்து மீற்றர் இருக்கும். அந்த ஒலிக்காகத்தான் இன்றைக்கும் விடியலில் எழும்புகிறேன்.

விழுவதைப் பற்றி. கையை விறைப்பாக நீட்டி ஊன்றாதீர்கள். நான் ஊன்றினேன், மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு, ஆறு வாரம் மாவுக்கட்டு. விழப்போகிறீர்கள் என்று தெரிந்தால் முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் பிட்டத்திலும் தோளிலும் உருளுங்கள். நீளக்கை டீசேட்டும் தொடை மறைக்கும் காற்சட்டையும் தோல் உரசலைக் குறைக்கும். பெண்பிள்ளைகள் லெக்கிங்ஸும் நீளமான மேலாடையும் போட்டே நன்றாகப் பழகலாம், முக்காடு போடுபவர்கள் இறுக்கமான நீச்சல் தலையணி அணியலாம். பிள்ளையை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு நான் அறுகம்குடாப் பெண்களைக் காட்டுவேன். அவர்கள் தங்களுக்கென்று ஓர் அலைச்சறுக்கல் கழகமே தொடங்கி நடத்துகிறார்கள்.

மரப்பலகையை மிதவையாக நம்பக் கூடாது. நீச்சல் தெரியாதவர் கணுக்கால் நீரைத் தாண்டவே வேண்டாம். தப்பித்தவறி இழுப்பில் அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி இழுப்பை விட்டு வெளியேறி, பிறகு திரும்புங்கள். தட்டை மணலில் திருக்கை புதைந்து கிடக்கும், நீருக்குள் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காயத்தை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இலவச அம்புலன்ஸ் 1990.

கரை யாருடையது

பழகத் தொடங்கிய புதிதில், கரைவலை இழுக்கும் நேரம் தெரியாமல் நான் ஒரு கயிற்றுக்கும் அடுத்த கயிற்றுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தேன். கயிற்றைத் தோளில் போட்டுப் பின்னுக்கு நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், நிறுத்தாமலேயே, "மனே, அங்கால போ, வலை கரைக்கு வருது" என்றார். கோபம் இல்லை. ஆனால் அந்தக் கயிறு நீரில் எவ்வளவு விறைத்து நிற்கிறது, அதில் கால் மாட்டினால் என்ன ஆகும் என்று அப்போதுதான் பார்த்தேன். பலகையை வைத்துவிட்டு நானும் கயிறு பிடித்தேன். வலையின் மடி கரையேறியபோது கீரி, சூடை மீன்கள் துள்ளின. அன்றிலிருந்து கரைக்குப் போனதும் முதலில் மீனவர் வாடிக்குப் போய், "இண்டைக்கு வலை எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறேன். காற்று எப்போது திரும்பும், எந்த இடத்தில் கடல் இழுக்கிறது என்பதும் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். எந்தச் செயலியும் அதைவிடத் துல்லியமாகச் சொன்னதில்லை.

மற்றபடி: முன்னால் இருபது மீற்றர் ஆளில்லாமல் இருந்தால் மட்டும் பலகையை விடுங்கள். தப்பிப் போன பலகை சின்னப் பிள்ளையின் கணுக்காலை உடைத்துவிடும்.

அப்புறம், கைட்

ஒரு பருவம் முடிந்து, இருபது மீற்றர் சறுக்கி, சின்ன அலையைத் தொட்டுத் திரும்பவும் வந்துவிட்டால், உங்கள் கால் தயார். காற்றை முகத்தில் வாங்கித் திசை சொல்லவும் பழகியிருப்பீர்கள். இப்போது மேற்குக் கரைக்குப் போங்கள். கல்பிட்டியில் அதே தென்மேற்குக் காற்று கடலிலிருந்து வருகிறது, மே முதல் செப்டம்பர் வரை சீராக அடிக்கிறது, அலையில்லாத களப்பு நீரும் இருக்கிறது. நம் கரையில் ஆபத்தாக இருக்கும் காற்றே அங்கே ஆசிரியர்.

அடிப்படைப் பயிற்சி பத்து மணித்தியாலம் அளவு எடுக்கும், அதை மூன்று நான்கு நாளில் பிரித்துக்கொடுப்பார்கள். காசு கட்டுமுன் கேளுங்கள்: ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர், தலைக்கவசமும் மிதவை உடையும் தருவார்களா, மீட்கும் படகு நிற்குமா. முதல் நாள் சின்னப் பயிற்சிக் கைட்டோடு மணலிலேயே நிற்பீர்கள். சின்ன வயதில் பட்டம் விட்டவருக்கு அது சீக்கிரம் கைவரும். பெரிய கைட்டைக் கொடுத்ததும் அதன் விடுவிப்புப் பிடியை, கைட்டின் இழுவையை ஒரே தள்ளில் அறுத்துவிடும் அந்தச் சிவப்புப் பிடியை, கரையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை இயக்கிப் பாருங்கள். அதற்கு நேரம் கொடுக்காமல் நீரில் இறங்கச் சொல்லும் இடமானால், மிச்சப் பணம் திரும்பக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த பள்ளியைத் தேடுங்கள்.